காந்தத்தோடு வரப்போகும் மச்சானுக்கு

மதிப்பும் மரியாதையும் போதுமான அளவுக்கு உள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு இன்றுவரை முழுசாக இருக்கும் உங்கள் மாப்பிள்ளை எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். உங்கள் தங்கை என்னைவிடச் சுகம். நீங்கள் கொடுத்த கார் எங்கள் இரண்டு பேரையும்விடச் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், அக்காவின் சுகத்தையும், உங்கள் தொப்பையின் வளர்ச்சியையும் அறிய ஆவலாக இருக்கிறேன். தையல்காரன் என்பதால் அளவு கேட்கிறேன், வேறு உள்நோக்கம் இல்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீங்கள் பாதியில் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் நான் நிறுத்துகிறவரை நீங்கள் படித்துத்தான் ஆக வேண்டும். போன வாரம் நீங்கள் சொன்னது இன்னும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. "மாப்ளே, ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன். கையில காந்தம் இருக்கும். நீங்க கைவச்ச இடத்துல ஒட்டிச்சின்னா அது காரு. ஒட்டலைன்னா அது வெறும் பட்டிப் பூச்சு. ஓட்டையில மாவு அப்புன மாதிரி பட்டி அப்புன வண்டியில என் தங்கச்சி போக வேண்டாம். வண்டி இன்னும் என் பேர்லதான் இருக்கு. நேரா பழைய இரும்புக் கடைக்கு ஓட்டிட்டுப் போயிருவேன்." இதை அப்படியே உங்கள் தங்கையிடம் சொன்னேன். தைத்த துணிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோக மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கட்டுவதை நிறுத்தாமலே, "வண்டி போச்சுன்னா இந்த மூட்டைய மறுபடியும் பஸ்ல நான்தான் தூக்கணும். ஏறும்போது கண்டக்டர் திட்டுவாரு, இறங்கும்போது டிரைவர் திட்டுவாரு. நீங்க மெஷின்ல உக்காந்து காலை ஆட்டிக்கிட்டு இருப்பீங்க" என்றாள். காலை ஆட்டாமல் எப்படித் தைப்பது என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கையில் கத்தரிக்கோல் இருந்தது. மூடிக்கொண்டேன்.

எல்லாம் ஒரு கொப்புளத்தில் ஆரம்பித்தது மச்சான். இடது பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டில், பெயிண்ட் பருவைப் போல உப்பியிருந்தது. பருவைக் கண்டால் கை சும்மா இருக்குமா? கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினேன். விரல் அடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. போனதுகூடப் பெரிதில்லை, திரும்பி வரமாட்டேன் என்றுவிட்டது. காருக்குப் பக்கத்தில் குத்தவைத்து, நாடி பார்க்கிற டாக்டர் மாதிரி உட்கார்ந்திருந்தேன். உங்கள் தங்கை வந்து பார்த்துவிட்டு, "என்னங்க, காய்ச்சல் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாளே தவிர, விரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழாய்க்காரர்தான் சோப்பு நுரையோடு வந்து உருவி எடுத்தார். "குழாய்க்குள்ள என்னென்னமோ அடைச்சு எடுத்திருக்கேன். தையல்காரர் அடைச்சு எடுக்கறது இதான் மொதத் தடவை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே கம்பி பிரஷ், உப்புத்தாள், தேய்ந்த உளி எல்லாம் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். துருவைச் சுரண்டுவது உங்களோடு வாக்குவாதம் செய்வது மாதிரிதான். இதோ முடிந்துவிட்டது என்று நினைக்கும்போதுதான் உள்ளே இன்னும் கொஞ்சம் இருப்பது தெரியும். விரல் அளவு ஓட்டை முஷ்டி அளவானது, முஷ்டி தட்டு அளவானது. அப்படிச் சுரண்டிக்கொண்டே போகும்போது கீழ் விளிம்பில் ஒரு பழைய பட்டிக் கட்டி வந்தது. உளியை வைத்துத் தட்டினேன், முழுசாகக் கழன்று விழுந்தது. அதற்குப் பின்னால், மச்சான், ஒரு துணி. சுருட்டித் திணித்து வைத்திருந்தது. விரித்துப் பார்த்தால் சட்டைக் கை. நீலக் கோடு போட்ட சட்டைக் கை. மணிக்கட்டுப் பட்டைக்கு உள்பக்கம் சிவப்பு நூலில் முடிந்திருந்தது. நீல நூல் தீர்ந்துபோய் சிவப்பில் முடித்தது யார்? நான். யாருக்காக? எனக்குக் கல்யாணமான புதிதில், உங்களைக் கைக்குள் போட்டுக்கொள்ள ஆசை ஆசையாகத் தைத்துக் கொடுத்தேனே, அந்தச் சட்டை! "கொடியில காயப்போட்டிருந்தேன் மாப்ளே, காத்துல போயிருச்சு" என்று சொன்னீர்களே, அந்தச் சட்டை! காற்று என்ன காற்று மச்சான் அது? சரியாக மட்கார்டு ஓட்டைக்குள் கொண்டுபோய்ச் சுருட்டி வைத்து, மேலே பட்டியும் பூசி, பெயிண்டும் அடித்துவிட்டுப் போகிற காற்று! அந்தக் கையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருக்கிறேன். நீங்கள் வரும்போது மரியாதையோடு கையில் கொடுப்பேன்.

அதற்குப் பிறகு வேலையை என் தொழில் முறைப்படியே செய்தேன். ஓட்டையின் மேல் காகிதம் வைத்து அச்சு எடுத்தேன். சுற்றிலும் இரண்டு விரல் தையலுக்கு விட்டேன். எண்ணெய் டின் ஒன்றைப் பிரித்து, தட்டி நிமிர்த்தி, சாக்கட்டியால் கோடு போட்டு, குழாய்க்காரரின் தகரக் கத்தரியால் வெட்டினேன். (என் துணிக் கத்தரியைத்தான் முதலில் எடுத்தேன். உங்கள் தங்கை போட்ட சத்தத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் அளவு கொடுக்காமலே போய்விட்டார்கள்.) வெட்டிய தகட்டைக் கொண்டுபோய் வைத்தால் பொருந்தவில்லை. திருப்பினேன், பொருந்தவில்லை. வளைத்தேன், அது என்னைக் கீறியது. உங்கள் தங்கை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தகட்டைப் பிடுங்கிக்கொண்டு காரைச் சுற்றிப்போய் வலது மட்கார்டில் வைத்தாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அச்சை மறுபக்கமாகப் போட்டு வெட்டியிருக்கிறேன். "ஒரே சட்டைக்கு ரெண்டு எடது கை தச்சவர்தானே நீங்க" என்றாள். அவமானம் தாங்காமல் வலது மட்கார்டில் சும்மா உளியை வைத்தேன். அங்கேயும் உள்ளே போய்விட்டது! நல்ல இரும்புக்குத் தேவையில்லாமல் வெட்டிவிட்டோமே என்று இருந்த வருத்தம் போன இடம் தெரியவில்லை. "பாத்தியா, முன்கூட்டியே வெட்டி வச்சிருக்கேன்" என்றேன். அவள் தகட்டை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சண்டை போடாமல் போனதே எனக்கு வெற்றி.

வலது பக்கம் தகட்டை வைத்து, சட்டைக்குப் பொத்தான் வைக்கிற இடைவெளியில் வரிசையாக ரிவெட் அடித்தேன். இடது பக்கத்துக்கு மீதித் தகடு பாதிக்குத்தான் வந்தது. ரிவெட் அடிக்கும்போது ஒன்றிரண்டு ஓட்டைக்குள் விழ, அவற்றோடு ஒரு திருகாணியும் உள்ளே போக, குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு காந்தம் கடையில் வைத்திருப்பேனே, அதை நூலில் கட்டி உள்ளே விட்டுத் துழாவினேன். அந்த நேரம் பார்த்து மழை. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி வீட்டுக்குள் ஓடினோம். மழை விட்டதும் வந்து, தகடு வராத மீதி இடத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். தையல்காரனுக்கு என்ன பஞ்சம்? காலருக்கு உள்ளே வைக்கிற விறைப்புத் துணி இருக்கிறதே, அதை இரண்டு மடிப்பாக வைத்து அதன் மேல் பட்டியை இழுத்தேன். பட்டியில் கெட்டியாக்குகிற மருந்து கொஞ்சம் கூடிவிட்டது. பாதி பட்டி தட்டிலேயே கல்லாகிவிட்டது, கரண்டியும் அதோடு நின்றுவிட்டது. அந்தத் தட்டும் கரண்டியும் இன்றும் பிரியவில்லை. புருஷன் பெண்டாட்டி அப்படி இருக்க வேண்டும் என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன். "நம்மளும் அப்படித்தான், நீங்க தட்டு மாதிரி சும்மா கிடக்கீங்க, நான் கரண்டியா மாட்டிக்கிட்டு நிக்கிறேன்" என்றாள்.

தேய்ப்பதில் மட்டும் அவள்தான் குரு. நான் உப்புத்தாளை இஸ்திரிக் கட்டையில் சுற்றித் தேய்ப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள். "இங்க ஒரு மேடு. இங்க பள்ளம். இங்க நீங்க அவசரப்பட்டிருக்கீங்க" என்பாள். கடைசியில் ஒரு நாள் தடவிக்கொண்டே போனவள் நின்றுவிட்டாள். கண்ணைத் திறந்து, "எங்கங்க போச்சு ஓட்டை?" என்றாள். மச்சான், எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான். பெயிண்ட் அடித்ததைப் பற்றி அதிகம் எழுதவில்லை. காற்று கொஞ்சம் அதிகம். கொடியில் காய்ந்த குழாய்க்காரரின் வெள்ளைச் சட்டையில் நீலப் பொட்டு விழுந்துவிட்டது. அவர், "டிசைன் நல்லாத்தான் இருக்கு, முதுகுலயும் போட்டிருக்கலாம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

இப்போது உங்கள் காந்தத்துக்கு வருகிறேன். நீங்கள் வைப்பதற்கு முன் நாமே வைத்துப் பார்த்துவிடுவோம் என்று, பிரிட்ஜ் கதவில் இருந்த ஆப்பிள் பொம்மைக் காந்தத்தை எடுத்துக்கொண்டு நான் வேலை செய்த இடமெல்லாம் வைத்தோம். வலது பக்கம் ஒட்டியது. இடது பக்கம் தகடு உள்ள இடத்தில் ஒட்டியது. தகடே இல்லாத, வெறும் காலர் துணியும் பட்டியும் உள்ள இடத்துக்குப் போகும்போது உங்கள் தங்கை கண்ணை மூடிக்கொண்டாள், நான் மூச்சை மூடிக்கொண்டேன். ஆப்பிள் அவள் கையிலிருந்து தாவிப்போய் 'டப்' என்று ஒட்டியது! இரும்பில்கூட அப்படி ஒட்டவில்லை. கொஞ்சம் நகர்த்தி வைத்தால் வெட்கப்பட்டுத் தள்ளுகிறது, மறுபடி இந்தப் பக்கம் வந்தால் இழுத்துக்கொள்கிறது. எப்படி என்று யோசித்து யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். சுரண்டிய துருத் தூளை வீணாக்க மனசில்லாமல் பட்டியில் கலந்திருந்தேன். அதுதான் உள்ளே போய் மறுபடி இரும்பாகிவிட்டது. பெரிய பெரிய கம்பெனிக்காரர்களுக்கெல்லாம் இது தோன்றவில்லை பாருங்கள்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வாருங்கள். பல்கூடத் தேய்க்க வேண்டாம். ஒரு காந்தம் போதாது என்றால் பத்து கொண்டுவாருங்கள். கார் வாசலிலேயே நிற்கும், நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, அம்மா ஜாடையில் இருந்து, எல்லா நலமும் பெறட்டும். உங்களுக்கு ஆயுசும், ஆரோக்கியமும், பொய் சொல்லும்போது கொஞ்சம் ஞாபக சக்தியும் பெருகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேரில் உள்ள காரின் உண்மையான தகப்பன்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் உங்கள் தங்கை வாசலிலிருந்து கூப்பிட்டாள். மூட்டையை டிக்கியில் வைக்கும்போது குண்டூசி டப்பா கை தவறிக் கொட்டிவிட்டதாம். போய்ப் பார்த்தேன். ஊசி தரையில் பாதிதான் இருந்தது. மீதி இடது மட்கார்டில், குதிரை லாடம் மாதிரி வளைவாக, தாடி முளைத்த மாதிரி நின்றது. "உங்க காந்தம் கெடச்சிருச்சுங்க. மழையன்னிக்கு உள்ளயே விட்டு மூடிட்டீங்க" என்றாள். துருத் தூளைப் பற்றி மேலே எழுதியதை நீங்கள் படிக்காத மாதிரி நினைத்துக்கொள்ளவும். அவளே உளியை எடுத்து அந்த இடத்தைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டாள். குழாய்க்காரர் இன்னொரு டின்னைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். எனவே காலையில் வராதீர்கள், சாயங்காலமாக வாருங்கள் என்று எழுதத்தான் மறுபடி பேனாவை எடுத்தேன்.

ஆனால் அவள் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, "ஏங்க, சட்டைன்னா ரெண்டு கை இருக்குமே? இன்னொன்னு எங்க?" என்றாள். ஆப்பிளை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தாள். நான் தொடாத இடமான டிரைவர் கதவின் கீழ் ஓரத்தில் வைத்தாள். ஆப்பிள் கீழே விழுந்துவிட்டது. அந்த இடத்தை நான் திறக்கவில்லை மச்சான். அது உங்கள் கைவேலை, நீங்களே திறப்பதுதான் மரியாதை. காலையிலேயே வந்துவிடுங்கள். கம்பி பிரஷ் இங்கே இரண்டு இருக்கிறது. பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். அரைக்கை போதும்.