முன்பிறவிச் சொந்தம் தேடும் நாய்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் நாய்க் காப்பகத்தின் வரிசை தெருமுனை திரும்பி, சலவைக் கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தம் வரை போய்விடும். பேருந்துக்கு வந்தவர்கள் விவரம் தெரியாமல் அதில் நின்று, பத்து மணிக்கு ஒரு நாயோடு வீடு திரும்பியதும் உண்டு. அவர்களும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. முன்பிறவிச் சொந்தத்தை யாராவது வேண்டாம் என்பார்களா?

எல்லாம் பந்த ஐயாவின் மகிமை. அவர் வருவதற்கு முன்பு அந்தக் காப்பகத்தை எட்டிப் பார்க்க ஆளில்லை. இருந்தவை எல்லாம் வளர்ந்து முடிந்த நாய்கள், யாரோ வளர்த்துக் கைவிட்டவை. ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது வந்தால், காப்பாளர் அம்மாள் நீல அட்டை போட்ட நோட்டைத் திறந்து கேள்வி கேட்பார். வீட்டில் எத்தனை மணி நேரம் இருப்பீர்கள்? மாடியா, தரைத்தளமா? குழந்தைகள் உண்டா? தினமும் எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? நாய் கேட்டு வந்தவனிடம் இவ்வளவு கேள்வியா என்று பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள்.

பந்த ஐயா ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கூடத்தின் சன்னல்களைச் சாத்துவார். பத்து நாற்காலிகளை வட்டமாகப் போடுவார். உட்காருகிற பத்துப் பேருக்கும் அவருடைய உதவியாளர் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டுவார். ஐயா நடுவில் உயரமான நாற்காலியில் ஏறி, கறுப்புத் துணியால் தன் கண்களைக் கட்டிக்கொள்வார். பார்த்தால் பாரபட்சம் வந்துவிடுமாம். பிறகு கழுத்தில் மணி கட்டிய ஒரு நாயை உள்ளே விடுவார்கள். அது ஒவ்வொருவராக முகர்ந்துகொண்டு போகும். யார் முன்னால் மணிச்சத்தம் நிற்கிறதோ, அவர்தான் அந்த நாயின் முன்பிறவிச் சொந்தக்காரர். என்ன சொந்தம் என்று ஐயா எடுத்துச் சொல்லுவார். வங்கி மேலாளர் ஒருவருக்கு மாமனாரே கிடைத்தார். கூடமே கண் கலங்கியது, மேலாளரைத் தவிர.

இந்தக் கூட்டத்துக்குள்தான் தையல்கார அம்மாளை அவளுடைய தம்பி இழுத்துக்கொண்டு வந்தான். மின்சார மீட்டர் குறிக்கிற வேலை அவனுக்கு. தெருத் தெருவாக நாள் முழுக்க நடப்பவன். ஐயாமேல் அவனுக்கு அப்படி ஒரு பக்தி. மூன்று முறை வட்டத்தில் உட்கார்ந்தும் அவனை எந்த நாயும் சீந்தவில்லை. பந்தம் இன்னும் பழுக்கவில்லை என்று ஐயா சொன்னதை அப்படியே நம்பினான். சாதாரணக் காணிக்கை கொடுத்தவர்களுக்குப் பந்தம் பழுப்பதே இல்லை என்பதை அவன் கவனிக்கவில்லை.

அக்காளுக்கு ஒரு நாய் வேண்டும்தான். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதிலிருந்து, சாயங்காலம் தையல் இயந்திரத்தை நிறுத்தினால் வீட்டில் வேறு சத்தமே இல்லை. அந்த அமைதி அவளுக்குப் பயமாக இருந்தது. காப்பகத்துக்குள் நுழைந்ததும் அவள் கண் ஒரு பழுப்பு நாயின் மேல் நின்றது. ஏழு வயது. பக்கத்துக் கூண்டில் பாத்திரம் உருண்டது, அது காதைக்கூட அசைக்கவில்லை. பெயர் தலையணை.

"உங்க மெஷின் சத்தத்துலயும் இது தூங்கும்," என்றார் காப்பாளர் அம்மாள் மெதுவாக. "படி ஏறச் சொன்னா மட்டும் ஒரு பார்வை பார்க்கும்."

"நானும் அப்படித்தாங்க. முட்டி வலி."

"அக்கா, நீயா எடுத்துக்கிட்டா பாவம் வந்து சேரும்," என்று தம்பி குறுக்கே விழுந்தான். "ஐயா சொல்லட்டும்." அக்காளின் பேரில் அவனே சிறப்புக் காணிக்கையும் கட்டிவிட்டான்.

ஐயா சொன்னார். வட்டத்துக்குள் விடப்பட்டது தலையணை அல்ல, சூறாவளி. இரண்டு வயது, நீளக் கால்கள், நாலு வீடுகளிலிருந்து திரும்பி வந்த அனுபவம். அது வட்டத்தை ஒரு சுற்றுக்கூட முடிக்கவில்லை, தையல்கார அம்மாளின் மணிக்கட்டை நக்கத் தொடங்கிவிட்டது. "முன்பிறவியில் உன் அண்ணன்," என்றார் ஐயா. "உன்னை ஓடி ஓடிக் காப்பாற்றியவன்."

அண்ணன் இந்தப் பிறவியிலும் ஓடினான். எட்டே நாளில் அவன் இரண்டு மீட்டர் லைனிங் துணியையும் பதினாறு பொத்தான்களையும் தின்றான். இயந்திரம் ஓடும்போதெல்லாம் அதனோடு போட்டி போட்டுக் குரைத்தான். அளவு கொடுக்க வந்த ஒருவருடைய கால்சட்டையின் ஓரத்தைப் பிரித்தான், அவர் அதைப் போட்டிருக்கும்போதே. மூன்று மாடி இறங்கி அவன் பின்னால் ஓடியதில் அம்மாளின் முட்டி வீங்கிப்போனது. நாயின்மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. பாவம், அதற்கு ஓட இடம் வேண்டும். அவளிடம் இருந்ததோ வெட்டும் மேசைக்கும் அலமாரிக்கும் நடுவே நாலடி.

எட்டாம் நாள் எறும்புகள் வந்தன. நாற்பது நாள் கழற்றக் கூடாது என்று கட்டிய சிவப்புக் கயிற்றை நோக்கி அவள் கை மேலே வரிசையாக ஏறின. அவள் கயிற்றை அவிழ்த்து விரலிடையே உருட்டினாள். இருபத்தாறு வருஷமாக நூலையே தொட்டுப் பிழைக்கிறவள். பருத்தி நூல் இப்படி விறைக்காது, இப்படிப் பிசுபிசுக்காது. தம்பியைக் கூப்பிட்டு அவன் கயிற்றையும் கழற்றச் சொன்னாள்.

"ஐயோ அக்கா, நாற்பது நாள்..."

"கழட்டுடா."

தம்பியுடையது வெறும் நூல், வியர்வை வாசம். அவளுடையதை வெந்நீரில் போட்டதும் தண்ணீரில் கொழுப்புப் பொட்டுகள் மிதந்தன. ஈரல் வேகவைத்த வாசம் அடுப்படி முழுக்கப் பரவியது. கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். முன்பிறவி அண்ணன் அதைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தையும் கடித்துப் பார்த்தான்.

"இப்ப இந்தக் கிண்ணமும் அண்ணனுக்குச் சொந்தக்காரங்களாடா?" என்றாள்.

தம்பி தலையைச் சொறிந்தான். "ஐயா தெரியாமச் செஞ்சிருப்பாரு."

தெரியாமல் ஈரல் வேகவைக்கிற மனிதரை அவள் பார்த்ததில்லை. சூறாவளியை இழுத்துக்கொண்டு, இல்லை, அது அவளை இழுத்துக்கொண்டு, காப்பகத்துக்குப் போனாள். காப்பாளர் அம்மாள் கயிற்றை முகர்ந்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"நான் சொன்னா எடுபடாதுங்க. காப்பகத் தலைவருக்கு வரிசை பெருகுனா போதும். திரும்பி வர்ற நாய் ஒவ்வொண்ணுக்கும் பரிகாரம்னு மறுபடி காணிக்கை. அதனால பொருந்தாத நாயைத்தான் ஐயா பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறாரு." கொஞ்சம் நிறுத்தினார். "வர்ற ஞாயிறு தலையணைக்கு முறை. கிடங்கு முதலாளி கேட்டிருக்காரு. வெட்டவெளியில சங்கிலி போட்டுக் காவலுக்கு வைக்கணுமாம். ஐயா சரின்னுட்டாரு."

"அது திருடன் வந்தா நகர்ந்து இடம் விடுமே."

"அடிப்பாங்க," என்றார் காப்பாளர் அம்மாள்.

தையல்கார அம்மாள் சூறாவளியைக் காப்பகத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அன்று ஒரு சட்டையும் தைக்கவில்லை. அவளுக்கு அந்தப் பழுப்பு முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஏழு வயது உயிர் ஒன்று, மிச்ச நாளை வெயிலில் சங்கிலியோடு கழிப்பதா? சனிக்கிழமை அவள் கசாப்புக் கடைக்குப் போனாள்.

ஞாயிறு. கூடம் நிரம்பி வழிந்தது. வாசலில் கயிறு கட்டிக்கொண்டு பத்துப் பேர் உள்ளே போனார்கள். நாலாவது நாற்காலியில் கிடங்கு முதலாளி, மடியில் புதுச் சங்கிலி. ஏழாவது நாற்காலி தையல்கார அம்மாளுடையது, பரிகாரக் கணக்கில். உதவியாளர் வாசலில் அடுத்த வட்டத்துக்குக் காணிக்கை வாங்கிக்கொண்டிருந்தார். ஐயா கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டதும் அவள் எழுந்தாள். காப்பாளர் அம்மாள் பக்கக் கதவைத் திறந்தார். தம்பி, அக்காளின் பேச்சைத் தட்ட முடியாமல், வேர்த்து விறுவிறுத்து, ஒரு போர்வை மூட்டையைத் தூக்கி வந்து அந்த நாற்காலியில் வைத்துப் போர்வையை உருவினான். போர்வைக்குள் இருந்தது அக்காளின் தையல் பொம்மை. உடுப்பை மாட்டிப் பார்க்கிற பொம்மை. மார்பும் இடுப்பும் உண்டு. தலை கிடையாது, கை கிடையாது, கீழே ஒரு மரக்கால். அதன் கழுத்தில் குண்டூசியால் குத்திய அக்காளின் பழைய சிவப்புக் கயிறு, காலையில் அவளே வேகவைத்த ஈரல் சாற்றில் இரண்டு மணி நேரம் ஊறியது.

பக்கத்து நாற்காலிக்காரர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அவள் உதட்டில் விரலை வைத்தாள். ஏதோ உயர்ந்த பரிகாரம் போலிருக்கிறது என்று அவர் பயபக்தியோடு நகர்ந்து உட்கார்ந்தார்.

மணி ஒலித்தது. தலையணை உள்ளே வந்தது. அவசரமே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது நாற்காலியில் நின்றது. கிடங்கு முதலாளி சங்கிலியைக் கையில் எடுத்தார். தலையணை மூக்கைத் தூக்கிக் காற்றைப் பிடித்தது. யோசித்தது. பிறகு தன் வாழ்நாளிலேயே முதல் முறையாக ஓடியது. ஏழாவது நாற்காலிக்குப் போய், மரக்காலைக் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொண்டது. மணி நின்றது.

"ஆகா," என்றார் கண் கட்டிய ஐயா. "பார்த்தீர்களா, எவ்வளவு ஆழமான பந்தம். ஐயா, முன்பிறவியில் இந்த ஜீவன் உங்கள் கணக்குப்பிள்ளை. உங்களுக்காக உயிரைக் கொடுத்தவன். வாரி வாரி வழங்கிய கை உங்கள் கை."

கையில்லாத பொம்மை பேசாமல் இருந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"உங்கள் தலையில் எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும்," ஐயா உருகினார். "பிசினஸ் கவலை. ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை. உண்மையா, இல்லையா? தலையை அசைத்தாலே போதும்."

கூடம் வெடித்தது. பரிகாரத்துக்கு வந்திருந்த வங்கி மேலாளர் பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமனார் வந்த நாளிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"ஐயா, நான் இங்க இருக்கேன்," என்றார் நாலாவது நாற்காலிக் கிடங்கு முதலாளி, கோபமாக.

ஐயா துணியை அவிழ்த்தார். பொம்மையைப் பார்த்தார். ஒரு நொடிதான். தொழில்காரர் அல்லவா? "இந்த மரம்," என்றார் கம்பீரமாக, "முன்பிறவியில் ஒரு மகாத்மா." நம்புவீர்களோ மாட்டீர்களோ, முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து பொம்மைக்குக் கும்பிடு போட்டே விட்டார்கள்.

தையல்கார அம்மாள் முன்னால் வந்தாள்.

"மகாத்மா என்னோடது. கழுத்துல இருக்கிறது ஈரல் சாறு. நான்தான் வேகவெச்சேன். உங்க கயிறைக் கழட்டி ஆளாளுக்கு மோந்து பாருங்க. பெருசா வேற ஒண்ணும் வேண்டாம், மூக்கு இருந்தாப் போதும்."

முகர்ந்தார்கள். ஒன்பது பேர் கயிறு வெறும் கயிறு. நாலாவது நாற்காலி மட்டும் முகத்தைச் சுளித்தது.

"எதிரிகளின் சூழ்ச்சி," என்று ஐயா பையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார். கதவருகே சூறாவளி இருந்தது. அதன் கயிற்றைக் காப்பாளர் அம்மாள் பிடித்திருந்தார். எப்படி நழுவியதோ, அவரிடம் இன்றுவரை யாரும் கேட்கவில்லை. சூறாவளி பையின் மேல் பாய்ந்தது. பை கிழிந்தது. எவர்சில்வர் டப்பா ஒன்று உருண்டு திறந்து, வேகவைத்த ஈரல் தரையெங்கும் சிதறியது. அடுத்த நிமிஷம் கூண்டுகளில் இருந்த அத்தனை நாய்களும் ஒரே குரலில் ஐயாவைச் சொந்தம் கொண்டாடின. ஐயா தெருமுனை திரும்பி, சலவைக் கடையைத் தாண்டி ஓடுவதை வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். உதவியாளர் அவருக்கு முன்னாலேயே ஓடிவிட்டார்.

கிடங்கு முதலாளி சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார். காப்பகத் தலைவர் தனக்கு முதலிலிருந்தே சந்தேகம் என்றார். தலைவர்கள் எல்லாம் அப்படித்தான் சொல்வார்கள்.

காப்பாளர் அம்மாள் நீல அட்டை நோட்டைத் திறந்தார். "குட்டின்னா எப்படி வளரும்னு சொல்ல முடியாது. இதுங்க வளர்ந்து முடிஞ்சதுங்க. குணம் கண்ணுக்கு முன்னாடி நடமாடுது, இந்த நோட்டுலயும் எழுதியிருக்கு. உங்க குணத்தை நீங்க சொன்னாப் போதும், பொருத்தம் பார்த்திடலாம். இதுக்கு எதுக்குங்க முன்பிறவி?" பிறகு தையல்கார அம்மாளைப் பார்த்தார். "வீட்ல எத்தனை மணி நேரம் இருப்பீங்க?"

"எந்நேரமும்."

"நடை?"

"கடை வரைக்கும். அதுவும் மெதுவா."

"மூணாவது மாடின்னீங்களே, படி ஏறுமா இது?"

"லிஃப்ட் இருக்கு. நான் இறங்குனது அண்ணனைத் துரத்தத்தான்."

தலையணை ஒரு வாரம் பழகிப் பார்க்கப் போயிற்று, திரும்பவில்லை. இப்போது வெட்டும் மேசைக்கு அடியில் படுத்திருக்கிறது. இயந்திரம் ஓடினால் குறட்டை விடுகிறது. இயந்திரம் நின்றால் கண்ணைத் திறந்து, ஏன் நிறுத்தினாய் என்பதுபோலப் பார்க்கிறது. சாயங்காலம் அந்த வீட்டில் இப்போது பயமில்லை. சூறாவளியைத் தம்பி எடுத்துக்கொண்டான். இருவரும் தெருத் தெருவாக நடந்து மீட்டர் குறிக்கிறார்கள். ராத்திரி இருவரும் அடித்துப் போட்டதுபோலத் தூங்குகிறார்கள்.

"பார்த்தியா அக்கா," என்றான் தம்பி ஒருநாள், "எனக்கும் பந்தம் பழுத்துடுச்சு."

அவள் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, அவன் தலையைச் சுற்றி அளந்தாள்.

"என்னக்கா பண்ற?"

"இருக்குதான்னு பார்த்தேன்."

இருக்கத்தான் இருந்தது. அந்தக் கூடத்தில் அன்று கூடியிருந்த நூறு பேருக்கும் இருந்தது. இல்லாமல் வந்து உட்கார்ந்தது அந்தப் பொம்மை ஒன்றுதான். அது ஏமாந்திருந்தால் ஒரு நியாயம் உண்டு. நமக்கு என்ன கேடு?