மேஸ்திரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கோரி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

1. இக்கடிதத்தை எழுதும் நான் தங்கள் தங்கையின் கணவன், வயது அறுபத்திரண்டு, முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சொத்துப் பத்திரங்கள் வரைந்து வரும் வழக்கறிஞன், தெளிந்த மனநிலையில், எவருடைய தூண்டுதலும் இன்றி இதை எழுதுகிறேன். (கடைசிச் சொற்றொடரைப் படித்துவிட்டுத் தங்கள் தங்கை சிரித்தார். அது அப்படியே நிற்கட்டும்.)

2. தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். குறையவில்லையெனில் அதைத் தனிக் கடிதத்தில் தெரிவிக்கவும், இவ்விவகாரத்தோடு கலக்க வேண்டாம்.

3. தாங்கள் நான்காம் மாடி வீட்டுக்குக் குடிபோனபோது, தங்கள் கொல்லையில் வளர்ந்த நான்கு கோழிகளை எங்கள் வசம் ஒப்படைத்தீர்கள். ஒரு மாதம் கழித்து, எங்கோ வாங்கிய ஐந்தாவது இளங்கோழியை அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பினீர்கள். எழுத்து மூலம் எதுவும் இல்லை. வாய்மொழியாகத் தாங்கள் அளித்த உறுதி இது: "எல்லாம் சாது மாப்பிள்ளை. மடியில தூக்கி வச்சுக்கிட்டு பேப்பர் படிக்கலாம்."

4. மேற்படி கோழிகளாவன: சிவப்பு நிறமும் கனத்த உடம்பும் உடைய மேஸ்திரி, கறுப்பு நிறக் குண்டு, பெரிய வெள்ளை, சின்ன வெள்ளை, கடைசியாக வந்த சாம்பல் நிற ஒட்டடை. பெயர்கள் தங்கள் தங்கை வைத்தவை. நான் 'அது' என்றே எழுத எண்ணினேன்; 'அவள்' என்று எழுதாவிட்டால் சாட்சிக் கையெழுத்துக் கிடையாது என்று சொல்லப்பட்டது.

இதற்கு மேல் எண்ணிட்டு எழுதும் நிதானம் எனக்கு இல்லை, மன்னிக்கவும். ஒட்டடை வந்த அன்று பெட்டியைத் திறந்து அவளை நேராகக் கூண்டுக்குள் விட்டவன் நான்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. புதிதாக வருகிறவளைக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஒரு வாரமாவது வைத்து, முகம் பழகிய பிறகே உள்ளே விட வேண்டுமாம். இதைக் கால்நடை மருத்துவர் அம்மா எனக்குச் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு. உள்ளே விட்ட அரை நிமிடத்தில் மேஸ்திரி வந்து உச்சந்தலையில் ஒரு கொத்து வைத்தாள். அதைப் பார்த்துக் குண்டு ஒரு கொத்து. பிறகுதான் கவனித்தேன், அங்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது. மேஸ்திரி குண்டுவைக் கொத்துகிறாள், குண்டு பெரிய வெள்ளையைக் கொத்துகிறாள், பெரிய வெள்ளை சின்ன வெள்ளையைக் கொத்துகிறாள், எல்லோரும் ஒட்டடையைக் கொத்துகிறார்கள், ஒட்டடை தரையைக் கொத்துகிறாள். மேல்முறையீடு கிடையாது. வழக்கறிஞர் சங்கத்தில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இந்த ஏற்பாடு எனக்குப் புதிதல்ல. ஆனால் சங்கத்தில் இறகு பிடுங்குவதில்லை.

முதல் பரிகாரமாகத் தீனியைச் சம பங்காகப் பிரிக்கத் தீர்மானித்தேன். தட்டு ஒன்றுதானே இருக்கிறது, அதனால்தான் தகராறு என்று எதிர் மூலையில் இரண்டாவது தட்டு வைத்தேன். முதல் தட்டை மேஸ்திரி காவல் காக்க, இரண்டாவதைக் குண்டு காவல் காத்தாள். மூன்றாவது வைத்தேன், நான்காவது வைத்தேன், ஒளிந்துகொள்ள ஒரு பலகையைச் சாய்த்து அதன் பின்னால் ஐந்தாவது வைத்தேன். அந்தப் பலகையின் பின்னால் மேஸ்திரி போய் உட்கார்ந்துகொண்டாள். ஆறாவது தட்டுக்காகச் சமையலறை அலமாரியைத் திறந்தபோது தங்கள் தங்கை கையைப் பிடித்துக்கொண்டார். "அஞ்சு கோழிக்கு ஆறு தட்டு. நம்ம ரெண்டு பேருக்கு மிச்சம் இருக்கறது ஒண்ணு. நான் சாப்பிட்டு முடிச்சுத் தரேன், அதுவரைக்கும் காத்திருக்கீங்களா?" என்றார். காத்திருந்தேன்.

அடுத்து, அடிபட்டவளுக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளிப்பதே முறை என்று கருதி ஒட்டடையை என் அலுவல் அறைக்குக் கொண்டுவந்தேன். பத்து நாள் இருந்தாள். கழுத்தில் புதிய இறகு முளைத்தது, முகம் தெளிந்தது, ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் மேல் முட்டையும் இட்டாள். பங்காளிகள் இருவரும் அப்போது எதிரேதான் உட்கார்ந்திருந்தார்கள். முட்டை யாருடைய பங்கில் விழுந்தது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பதினோராம் நாள் அவளை மறுபடி கூண்டுக்குள் விட்டேன். நால்வரும் சேர்ந்து பாய்ந்தார்கள் மச்சான், அதுவரை பேருக்கு மட்டும் கொத்திவந்த சின்ன வெள்ளை உட்பட! பத்து நாளில் அவளை மறந்தே போயிருக்கிறார்கள். அவர்களுக்கு அவள் மறுபடியும் புது ஆள். கொண்டையில் ரத்தம் வந்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்தால் கோழிகள் விடாது என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியும்.

மருத்துவர் அம்மா வந்து பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். "அடிச்சவள வெளிய விட்டுட்டு அடி வாங்கினவளையா சார் உள்ள போட்டீங்க?"

"பாதுகாப்புக்காக அம்மா."

"கோர்ட்டுல எல்லாம் இப்படித்தான் பண்ணுவீங்களோ?"

சில கேள்விகளுக்கு மௌனம் காக்கும் உரிமை எனக்கு உண்டு.

ரத்தச் சிவப்பு தெரியாதபடி மறைக்க ஊதா மருந்து ஒன்று கொடுத்தார். பீய்ச்சினேன். ஒட்டடை தலையைச் சிலுப்பினாள். மறுநாள் வலது கை முழுக்க ஊதாவாக நீதிமன்றம் போனேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தேர்தல் நடந்ததா? எனக்கு யாரும் சொல்லலையே?" என்றார். எதிர்த்தரப்பு வக்கீல், "ஐயா ஒருத்தரே பத்து ஓட்டுப் போட்டிருக்கார் போல," என்றார். அன்று வழக்கு எனக்குப் பாதகமாகவே முடிந்தது.

சரி, யார் மீது குற்றம் என்று முறைப்படி நிறுவிவிடுவோம் என்று கூண்டருகே நாற்காலி போட்டு மூன்று நாள் கொத்துகளைப் பதிவு செய்தேன். பக்கத்து வீட்டுத் தையற்காரர் மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "என்ன சார், இன்னிக்கும் வாய்தாதானா?" என்று தினம் ஒரு முறை கேட்டார். மேஸ்திரி முப்பத்தொன்று, குண்டு பதினெட்டு, வெள்ளைகள் சேர்ந்து ஒன்பது, ஒட்டடை பூஜ்யம். பூஜ்யம் என்று எழுதிவிட்டு, மச்சான், பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவள் தட்டுப் பக்கமே போகவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். நான் எண்ணிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் பட்டினி.

தங்கள் தங்கை அவளைத் தூக்கிப் பார்த்தார். "நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்துது. நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள இவ போயிடுவா," என்றார். கையில் தீனியை வைத்து நீட்டினார், திரும்பிக்கொண்டாள். மருத்துவர் அம்மா தொலைபேசியில் சொன்னதைச் சொல் மாறாமல் தருகிறேன்: "மேஸ்திரியத் தூக்கித் தனியா அடைங்க சார். நாலு நாள். திரும்பி வரும்போது அவ இடம் போயிருக்கும், கடைசியில போய் நின்னுக்குவா. ஆனா ஒட்டடை ரெண்டு நாள்ல சாப்பிடணும். சாப்பிடலேன்னா என்கிட்ட எடுத்துட்டு வராதீங்க, பிரயோஜனம் இல்ல."

இன்று காலை மேஸ்திரியைப் பின்கட்டில் ஒரு பெட்டிக்கூண்டில் அடைத்தேன். அவள் தரப்பைக் கேட்காமல் அடைத்தது உறுத்தத்தான் செய்கிறது. அடைக்கும்போது அவள் பேசியதைத் தரப்பு என்று கொண்டால், கேட்டாயிற்று. நான்கு நாளில் குணம் மாறும் என்று மருத்துவர் நம்புகிறார். பத்திரம் எழுதியே வாழ்ந்தவன் நான். குணம் மாறும் என்று நம்பி இதுவரை ஒரு பத்திரமும் எழுதியதில்லை. ஆகவே, இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் மேஸ்திரி என்னும் கோழியைத் தங்கள் சொந்தப் பொறுப்பில் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பால்கனி பத்தடிக்கு நாலடி என்று அறிகிறேன். தனியாக இருக்க வேண்டிய ஒருத்திக்கு அது தாராளம்.

துணைவியாருக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், ஒருவரையொருவர் கிள்ளாமலும் வளர என் ஆசிகள்.

இங்ஙனம்,
தங்கள் தங்கையின் கணவன்
(ஒப்பம்)

பின்குறிப்பு: இக்கடிதம் ஐந்து நாள் தாமதமாகத் தபாலில் சேர்க்கப்படுகிறது. முதல் சாட்சியான தையற்காரர், "படிச்சுப் பார்க்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்கன்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க," என்று வாங்கிக்கொண்டு போய் ஐந்து நாள் படித்தார். இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவை: இரண்டாம் நாள் காலை ஒட்டடை பலகைக்குப் பின்னாலிருந்து வந்து பதினான்கு வாய் சாப்பிட்டாள், தங்கள் தங்கை அழுதார், நான் எண்ணினேன். மூன்றாம் நாள் முதல் தட்டில் சாப்பிட்டாள். நான்காம் நாள் சின்ன வெள்ளையைத் தள்ளிவிட்டுச் சாப்பிட்டாள். ஐந்தாம் நாளான இன்று மேஸ்திரியை விடுவித்தேன். மருத்துவர் சொன்னபடியே அவள் தலைகுனிந்து மூலைக்குப் போனாள். ஒட்டடை மூலை வரை பின்தொடர்ந்து சென்று அவள் வாலில் மூன்று இறகுகளைப் பிடுங்கினாள். தடுக்கப் போன என் காலில் ஒன்று வைத்துவிட்டு, தட்டுக்குள் ஏறி நின்றுகொண்டாள். மேஸ்திரி காலையிலிருந்து சாப்பிடவில்லை.

ஆகவே இக்கடிதத்தின் உள்ளடக்கம் யாவும் அவ்வாறே இருக்க, கோரிக்கைப் பகுதியில் 'மேஸ்திரி' என்று வரும் இடமெல்லாம் 'ஒட்டடை' எனவும், நான் இரக்கப்பட்டுப் பேனாவைக் கீழே வைத்த பகுதியில் 'ஒட்டடை' என்று வரும் இடமெல்லாம் 'மேஸ்திரி' எனவும் திருத்தி வாசித்துக்கொள்ளவும்.

திருத்தத்துக்கும் ஒப்பம்,
மேற்படியான்

சாட்சிகள்:

1. பக்கத்து வீட்டுத் தையற்காரர். முழுவதும் படித்தேன். எண்ணிக்கை சரி.

2. தங்கள் தங்கை. அண்ணா, ரெண்டு கோழியும் இங்கேயே இருக்கட்டும். நாலு நாள் இவரை வந்து கூட்டிட்டுப் போ.