கண்ணாடி மாளிகையின் ஆயுட்காலம்

கடலுக்கும் பாலைக்கும் நடுவே கானல்நாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே மன்னரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். மறுநாளிலிருந்து அவர் மன்னராகிவிடுவார்.

பூமி சூடாகிறது என்று கேள்விப்பட்டு மன்னர் விக்கிரமகேது மிகவும் வருந்தினார். அவருடைய பழைய அரண்மனை தடித்த செங்கல் சுவரும் நீண்ட தாழ்வாரமுமாக, மின்விசிறிகூட இல்லாமல் குளுகுளுவென்றிருந்தது. ஆனால் அதில் பச்சை நிறம் எங்கும் தென்படவில்லை.

“இதை இடித்துவிட்டுப் பசுமை மாளிகை ஒன்று கட்டுங்கள்” என்று ஆணையிட்டார்.

கல்லுக்காகக் கரட்டுமலையை வெடிவைத்து உடைத்தார்கள். மணலுக்காக ஆற்றைத் தோண்டினார்கள். பச்சைக் கண்ணாடி தூரதேசத்திலிருந்து கப்பலேறி வந்தது. மாளிகை எழுந்ததும், மேற்கு வெயில் முழுவதும் அந்தக் கண்ணாடியில்தான் விழுந்தது. உள்ளே அதிகாரிகள் வெந்தார்கள். உடனே குளிரூட்டிகள் வந்தன. அவற்றுக்கு மின்சாரம் போதாததால், ஊர்களுக்குப் பகலில் மின்சாரம் கிடையாது என்று மற்றோர் ஆணை வந்தது.

கரட்டுமலை அடிவாரத்தில் ஆடு வளர்த்துவந்த பவுனம்மாளின் வீடு, மலைக்கு வைத்த வெடியில் இரண்டாகப் பிளந்திருந்தது. அவள் தலைநகருக்குப் போய்ப் பசுமைத்துறை அமைச்சர் தண்டாயுதனாரிடம் முறையிட்டாள்.

“மாளிகையால் இயற்கைக்கு ஒரு கேடும் இல்லை அம்மா. சட்டப்படி கட்டடத்தின் ஆயுட்காலம் ரிப்பன் வெட்டும்போது தொடங்கி, திறப்புவிழா விருந்தோடு முடிகிறது. அந்த நேரத்தில் மலை ஏதாவது உடைந்ததா?”

“அதுக்கு முந்தி உடைச்சீங்களே சாமி!”

“பிறப்பதற்கு முன் நடந்ததற்கு மாளிகையை எப்படித் தண்டிப்பது?” என்றார் அமைச்சர், மனம் நெகிழ்ந்து.

பவுனம்மாள் திட்டிக்கொண்டே திரும்பினாள். வழியில், இடித்த அரண்மனையின் செங்கற்களை ஏரிக்குள் கொட்டியிருந்தார்கள். அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவந்து அவற்றைச் சுமந்தாள். தன் ஊரில் ஒரு வேப்பமரத்துக்குக் கிழக்கே, மாலை வெயில் படாத இடத்தில், கனத்த சுவரும் எதிரெதிர் ஜன்னலுமாக ஒரு வீடு எழுப்பினாள். மின்சாரமில்லாத பகல்களில் ஊரே பிள்ளைகளோடு அங்கே வந்து படுத்தது.

தேர்தல் வந்தது. எதிரணித் தலைவர் சூரசேனன் வாக்குக் கேட்டு வந்தவர், அந்த வீட்டில் கூழ் குடித்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டார். எழுந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“ஆத்தா, இதுதான் உண்மையான பசுமை மாளிகை! நான் வந்தால் இந்த வீட்டை உலகமே கும்பிடும்படி செய்வேன்!”

வாக்குகள் குவிந்தன. சூரசேனன் மன்னரானார். இனி மலைக்கு வெடி வைக்கமாட்டார்கள் என்று நம்பி, பவுனம்மாள் ஊருக்கே பாயசம் காய்ச்சி ஊற்றினாள்.

சில நாளில் அவள் வாசலில் இடிக்கும் இயந்திரம் ஒன்று வந்து நின்றது. கூடவே ஓர் அதிகாரி, மாலையுடன்.

“மன்னர் சொன்ன சொல் தவறாதவர். இந்த வீட்டின் பெருமையைப் போற்றி, வெளிநாட்டுப் பளிங்கில் மணிமண்டபம் கட்ட உத்தரவாகியிருக்கிறது.”

“எங்க கட்டப் போறீங்க?”

“இதே இடத்தில்தான். வரலாற்றுச் சிறப்புமிக்க இடமாயிற்றே!”

பவுனம்மாள் இரண்டு கைகளாலும் நிலைக்கதவை மறித்து நின்றாள்.

“அப்ப நான் எங்கய்யா இருப்பேன்?”

அதிகாரி மாலையை அவள் கழுத்தில் போட்டுவிட்டுப் பணிவாகச் சொன்னார்: “மண்டபத்தின் நடுவில், பத்தடி உயரத்தில், வெண்கலத்தில். வெயிலில் சிலை சூடாகக் கூடாதென்று குளிரூட்டிக்கும் உத்தரவாகியிருக்கிறது அம்மா.”