செனாயிலிருந்து கிளம்பாத விமானம்

"ஏங்க, பிளேன் கிளம்புமா, கிளம்பாதா?" அறை வாசலில் நின்று கேட்டாள் ஷாமளா. கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"பொறு லா. எந்தெந்த சுவிட்ச மாத்தியிருக்கான்னு பாக்கிறேன்" என்றான் குணாளன், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மாசாயில் அவர்கள் குடியிருந்த வீட்டின் பின்னறை முழுக்க அவனுடைய விமானம்தான். எல்லாம் கணினியில் ஓட்டுகிற விமானம். போன வாரம் சாப்பாட்டுக் கடையில், "கண்ணக் கட்டி விட்டாலும் ஓட்டுவேன்" என்று அளந்துவிட்டான். கடைக்காரர் மகன் இர்ஃபான் சும்மா விடவில்லை. விமானி அறை சுவிட்சுகளை இஷ்டத்துக்கு மாற்றிவைக்கும் குட்டி மென்பொருள் ஒன்று அவனிடம் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு, கடையிலேருந்தே உங்க கம்ப்யூட்டர்ல அத ஓட விடுறேன்ணே. எது எது மாறியிருக்குன்னு கண்டுபிடிச்சு பிளேன கெளப்புங்க, பாப்போம்."

விஷயம் ஷாமளா காதுக்கு வந்தது. கிளம்பாவிட்டால் பின்னறை தன் தையல் மெஷினுக்கு என்று சொல்லிவிட்டாள். சாப்பாட்டு மேசையில் கல்யாண ஜாக்கெட் தைத்துத் தைத்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. நடுவராக அவள் அண்ணன் கமலநாதன் வந்து, வடைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. திரையில், செனாய் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு இன்ஜினும் உறும விமானம் நின்றது.

"எண்ணெய் பம்ப் ஆன்ல இருக்கு, பாத்தீங்களா மச்சான்? ஆன்ல இருந்தா நான் தொட மாட்டேன்னு நெனச்சிருக்கான்!"

அணைத்தான். எரிபொருள் நின்று, இடது இன்ஜின் இருமி அடங்கியது.

"ஒண்ணு போச்சே மாப்பிள்ளை."

"இன்னொண்ணு இருக்குல்ல? பிரேக்க வேற போட்டு வச்சிருக்கான், திருட்டுப் பய."

பிரேக்கை விடுவித்தான். ஒற்றை இன்ஜினில் விமானம் இடது பக்கமாகத் திரும்பி, ஓடுபாதையை விட்டு இறங்கி, புல்வெளியில் ஊர்ந்தது.

"எங்க போறீங்க? மாடு மேய்க்கவா?" என்றாள் ஷாமளா.

"பேசாத! கான்சன்ட்ரேஷன் போயிரும்."

வேர்த்து வழிய மூன்று சுவிட்சுகளைச் சேர்த்துத் தட்டினான். கண்ணாடியில் வைப்பர் ஓடியது. எங்கோ தீ மணி அலறியது. அதை நிறுத்தப் போய் அவன் இழுத்த கைப்பிடி, வலது இன்ஜினையும் அணைத்தது. கடைசி நம்பிக்கையாக பாட்டரி சுவிட்சைத் தட்டினான். விமானி அறை மொத்தமும் இருண்டது.

கமலநாதன் கடைசி வடையை மென்றபடியே தீர்ப்புச் சொன்னார். "அலமாக், எல்லாம் போச்சு. பயணிங்கள பஸ்ல அனுப்பிரலாம் மாப்பிள்ளை."

குணாளன் சொன்ன சொல் தவறுகிறவன் இல்லை. திரைகளை அவனே கழற்றினான். தையல் மெஷினை அவனே தூக்கி வந்து வைத்தான். ஷாமளாவுக்கே மனசு கேட்கவில்லை.

"விடுங்க, நீங்களுந்தான் என்ன பண்ணுவீங்க."

"ஒண்ணு விடாம மாத்தியிருக்கான் ஷாமளா. நெஜ பைலட்டு வந்து உக்காந்தாலும் கெளப்பியிருக்க முடியாது. அந்தப் பயலுக்கு என்னா மூளை!"

கைப்பேசி அடித்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டான்.

"அண்ணே, மன்னிச்சிருங்க லா" என்றான் இர்ஃபான். "கடையில ஒரே கூட்டம், இப்பதான் கை ஒழிஞ்சுது. இப்ப ஓட விட்டு சுவிட்செல்லாம் மாத்தட்டா?"