வெட் ப்ளூவில் ஒரு வேற்றுக்கிரகவாசி

தோல் கம்பெனிகளில் ஆபீஸ் வேலை பார்க்கிற எங்களுக்கெல்லாம் ஒரு வியாதி உண்டு. காலையிலிருந்து சாயந்திரம் வரை ஏசி ரூமில் உட்கார்ந்து ஏற்றுமதிக் காகிதங்களைத்தான் புரட்டுவோம். ஆனால் வெளியூர்க்காரர் யாராவது சிக்கினால், ஏதோ நாமே தொட்டியில் இறங்கித் தோல் பதனிட்ட மாதிரி பேசுவோம். நான் ஆம்பூரில் வருஷக்கணக்காக அப்படிப் பேசி வந்தவன். கேட்கிறவர்களும் தலையாட்டிக்கொண்டே கேட்பார்கள். (பஸ் வருகிற வரைக்கும் அவர்களுக்கும் பொழுது போகவேண்டுமே.)

எங்கள் தெருவில் கல்யாண வீடியோ எடுக்கிறவர் சமீர் பாய். மாப்பிள்ளைகளை எடுத்து எடுத்துச் சலித்துப்போய் ஒருநாள், தானே ஒரு சினிமா எடுக்கப்போவதாகச் சொன்னார். யூடியூபில் விடுகிற படம்தான், ஆனால் குடும்பத்தோடு பார்க்கலாம், பாட்டு உண்டு, சயின்ஸும் உண்டு. வேறு கிரகத்திலிருந்து கிளம்பிய மினுக்கு என்கிற ஜீவன் வழி தவறிப் பாலாற்றில் வந்து விழுகிறது. ஒரு சின்னப் பெண் அதோடு சிநேகமாகி, ஊர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துச் சோறு போட்டு, கடைசியில் ஒரு பாட்டுப் பாடி, கட்டிப்பிடித்து வழியனுப்புகிறாள். அந்தப் பெண் வேஷம் என் மகள் யாழினிக்கு. நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மறுநாளே ஸ்கூல் வேன் டிரைவர் வரைக்கும் விஷயம் போய்விட்டது.

மினுக்கு யார் என்று பேச்சு வந்தபோது அவள் யோசிக்கவே இல்லை. "எங்கப்பா" என்றாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். அன்றிலிருந்து தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு நானும் அவளும் ஒத்திகை. என் மனைவி சுமதி ஓரமாக உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, "எடது காலுங்க... அது வலது கால்" என்பாள். கடைசிப் பாட்டின் கடைசி வரியில் மினுக்கு மண்டி போட்டு, இரண்டு கையாலும் அந்தப் பெண்ணை அணைத்துக்கொள்ள வேண்டும். யாழினிக்குப் படமே அந்த இடம்தான். அதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுவாள்.

அடுத்தது உடை. ஸ்பாஞ்சில் தைத்து நீல பெயின்ட் அடித்துவிடலாம் என்றார் சமீர் பாய். அங்கேதான் என் வியாதி தலைதூக்கியது.

"ஆம்பூர்ல உக்காந்துகினு ஸ்பாஞ்சா பாய்? வெட் ப்ளூவுல தைப்போம். சாயமே வாணாம்."

வெட் ப்ளூ என்பது க்ரோம் போட்டுப் பதனிட்டு, மேற்கொண்டு எந்த வேலையும் செய்யாத தோல். ஈரமாக, ஜில்லென்று, இளநீலமாக இருக்கும். பார்த்தால் பூமியில் பிறந்த எதனுடைய தோல் மாதிரியும் இருக்காது. கம்பெனியில் அதைப் பிளாஸ்டிக்கில் சுற்றி அடுக்கி வைத்திருப்பார்கள். தூசி படாமலிருக்க அப்படிச் சுற்றுகிறார்கள் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஊரில் பாதிப் பேருக்குத் தோல் வேலைதான், யாரைக் கேட்டிருந்தாலும் சரியான காரணத்தைச் சொல்லியிருப்பார்கள். நான் ஏன் கேட்கப்போகிறேன்? மேனேஜரிடம் சொல்லிக் கழித்துப்போட்ட தோல்களை வாங்கி, பை தைக்கிற கடையில் அளவு கொடுத்து, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே சட்டையாகத் தைத்து வாங்கினேன். தலைக்கு ஒரு பழைய ஹெல்மெட், மேலே இரண்டு ஸ்பிரிங். கம்பெனியில் செய்கிற மாதிரியே நானும் பிளாஸ்டிக்கில் சுற்றி வீட்டில் வைத்தேன். போட்டுப் பார்த்தபோது உடம்போடு அப்படியே வளைந்து கொடுத்தது. சுமதி மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

விரிஞ்சிபுரம் பக்கம் பாலாற்று மணலில் ஷூட்டிங். விண்கலத்துக்குச் சமீர் பாய் தன் மச்சானிடமிருந்து கல்யாணப் பிரியாணி ஆக்குகிற பெரிய தேக்சாப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, கவிழ்த்துப் போட்டு, வெள்ளித்தாள் ஒட்டியிருந்தார். (உள்ளே தலையை விட்டால் வேறு கிரகத்து வாசனை வராது, ஆம்பூர் வாசனைதான் வரும்.) மறுநாள் விடிந்தால் அந்த தேக்சா வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயாகவேண்டும். அதனால் கடைசிப் பாட்டை அன்றைக்கே எடுத்தாகவேண்டும், இல்லாவிட்டால் படத்துக்கு முடிவே கிடையாது. இதைச் சமீர் பாய் காலையிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு ஷாட் ராஜா மாதிரி போனது. அப்புறம் பாட்டு ஓடவேண்டிய ஸ்பீக்கர் மக்கர் பண்ணியது. அதைச் சரி செய்கிற நேரத்தில் வெளிச்சம் பார்க்கலாம் என்று, "முரளி, கையை நல்லா விரிச்சிகினு நில்லு, ஆடாத" என்றார் சமீர் பாய். நின்றேன். பாலாற்றில் நிழல் என்று ஒன்று கிடையாது. வெயிலோடு அன்றைக்குக் காற்றும் சேர்ந்து அடித்தது. ஜில்லென்று இருந்த சட்டை கதகதப்பானது, அப்புறம் இறுகியது. தொழில்முறை நடிகனாக நான் பொறுமை காத்தேன்.

ஸ்பீக்கருக்கு உயிர் வந்து பாட்டு ஆரம்பித்தது. யாழினி சலங்கை கட்டிய காலோடு துள்ளி வந்தாள். நான் கையை இறக்கினேன். கை இறங்கவில்லை.

ஈரம் போகாமலிருக்கத்தான் வெட் ப்ளூவைப் பிளாஸ்டிக்கில் சுற்றுகிறார்கள் என்பதும், காய்ந்தால் அது பலகை என்பதும் எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. முழங்கால் மடங்கவில்லை. இடுப்பு திரும்பவில்லை. சோளக்கொல்லை பொம்மை மாதிரி கையை விரித்தபடி நான் நிற்க, என் மகள் என்னைச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஸ்டெப்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வரலம்மா."

"எடது காலுப்பா."

"எந்தக் காலும் வரலம்மா."

கடைசி வரி வந்தது. அவள் நம்பிக்கையோடு ஓடிவந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். அணைக்கவேண்டிய கைகள் இரண்டும் கிழக்கையும் மேற்கையும் காட்டிக்கொண்டிருந்தன. அப்படியே நின்றிருக்கலாம். மண்டி போட்டுத் தொலைக்கலாம் என்று நான் ஒரு முயற்சி செய்ய, வெட்டிய தென்னை மாதிரி மல்லாக்க விழுந்தேன். எழுந்திருக்க வழி இல்லை. யாழினி என் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நடிப்பு இல்லை. ஹெல்மெட்டுக்குள் எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கை வரவில்லை. பிள்ளை ஒரே ஒரு காரியம் கேட்டாள், அதில் என் மேதாவித்தனத்தைக் காட்டி இப்படிக் கெடுத்துவிட்டேனே என்று என் மேலேயே அவ்வளவு ஆத்திரம் வந்தது.

சமீர் பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "பேஜாரா பூட்ச்சிபா. நாளைக்கு தேக்சா கிடையாது, இன்னைக்கு மினுக்கு கிடையாது."

கூட வந்திருந்த சுமதி ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து என் மேல் ஊற்றினாள். காய்ந்த தோலில் அது வழுக்கிக்கொண்டு மணலுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் சமீர் பாயிடம் ஒரு பிளேடு வாங்கி, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தையலை ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்தாள். அறுத்துக்கொண்டே, "ஸ்பாஞ்சு கேவலமா போச்சா ஒங்களுக்கு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வேறு பக்கம் திரும்பவும் வசதி இல்லை.

என்னை உரித்து எடுப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. யாழினி அழுது ஓய்ந்து தேக்சாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுமதி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்துபோய் கேமரா சாமான்கள் மேல் மூடியிருந்த நீலத் தார்ப்பாயை எடுத்து உடம்பில் சுற்றி, தேக்சாவைக் கட்டிக்கொண்டு வந்த கயிற்றால் இடுப்பில் ஒரு கட்டுப் போட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"பாட்டு போடுங்க பாய்."

"தங்கச்சி, காலையில மினுக்கு வேற மாதிரி இருந்திச்சே" என்றார் சமீர் பாய். அப்புறம் அவரே, "செரி, அந்த கிரகத்துல டிரஸ் மாத்த மாட்டாங்களா இன்னா" என்று சொல்லிவிட்டு கேமராவை ஆன் செய்தார்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்த்தவளுக்கு ஒரு ஸ்டெப் விடாமல் தெரிந்திருந்தது. இடது கால் இடது காலாகவே வந்தது. கடைசி வரியில் மண்டி போட்டு, பிள்ளையைத் தார்ப்பாயோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். நான் பனியனோடு மணலில் நின்று பார்த்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

படத்தை எங்கள் தெரு மண்டபத்தில் திரை கட்டிப் போட்டார்கள். நான் மல்லாக்க விழுந்ததையும் யாழினி அழுததையும் சமீர் பாய் வீணாக்கவில்லை. மினுக்கு பூமியில் விழுந்து மயங்கிக் கிடக்கிற காட்சியாக வெட்டி ஒட்டியிருந்தார். என்னமா படுத்திருக்கான் பாரு, மூச்சே இல்லை என்று முன்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். கடைசியில் பெயர்கள் ஓடின. மினுக்கு – சுமதி. அதற்குக் கீழே, மினுக்கு (மயங்கிய நிலையில்) – முரளி. அப்பா பெயர் இல்லாமல் படத்தை விடக்கூடாது என்று யாழினி அடம்பிடித்து, அப்படிப் போடச் சொன்னாளாம்.

இப்போது அவள் பத்தாவது படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு நான் சோபாவில் சற்றுக் கண்ணை மூடினால் போதும், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாயில் விரலை வைத்துச் சொல்கிறாள்: "சத்தம் போடாதீங்க, அப்பா நடிச்சிட்டிருக்காரு."