கூண்டில் கொடுத்த பாவப்பொறுத்தல்

ஊரிகம்,
1897, தவக்காலம்.

கோலாரில் இருக்கும் சங்கைக்குரிய தோமாசப்ப சுவாமிகளுக்கு, சவரிராய சுவாமி எழுதிக்கொள்வது: சர்வேசுரன் கிருபையால் இவ்விடம் கோவிலும் கோழிகளும் க்ஷேமம். அடியேன் மட்டும் க்ஷேமமில்லை. உமது முழங்கால் வலி தேவலையா?

பிஷப் மேற்றிராணியாரிடம் ஒரு வார்த்தை சொல்லி, பாஸ்கா திருநாளுக்குள் எனக்கு மாற்றல் வாங்கித் தாரும். பேத்தமங்களா பக்கம் என்றால் உத்தமம். அங்கே பாவிகள் தரைமட்டத்தில் வசிக்கிறார்கள். இங்கே தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் புதிதாக வெட்டிய லெவல் என்ற குடைவை மந்திரிக்க வேண்டுமென்று மேஸ்திரி மரியகுழந்தை வந்து அழைத்தார், நானும் மாப்பிள்ளை மாதிரி தீர்த்தச் செம்போடு புறப்பட்டேன், ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டில் பத்துப் பேரோடு ஏறினேன், கதவைச் சாத்தினார்கள், காலுக்குக் கீழே பூமியே இல்லை. கயிறு அறுந்துவிட்டதென்று நினைத்துவிட்டேன். ஆபத்து வேளையில் குரு செய்ய வேண்டியதைச் செய்தேன்: "எல்லாரும் மனஸ்தாபப்படுங்கள், சாகப்போகிறோம்" என்று அலறி, கையை உயர்த்தி, லத்தீனில் மொத்தமாகப் பாவப்பொறுத்தல் கொடுத்துவிட்டேன். சாமிக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று பத்துப் பேரும் மண்டியிட்டு அழுதார்கள். கூண்டு பூப்போலப் போய் நின்றது. அது தினமும் அந்த வேகத்தில்தான் இறங்குமாம். கீழே விளக்கோடு நின்றவன், "இன்னா சாமி, பூசை வழியிலயே முடிஞ்சுடுச்சா?" என்றான்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தால், பாவத்தைச் சொல்ல ஈ, காக்கை இல்லை. வெட்கத்தை விட்டு மரியகுழந்தையைக் கேட்டேன்.

"கேஜுலயே மன்னிச்சுட்டீங்களே சாமி. புதுசா பாவம் பண்றதுக்கு ஷிப்டுல நேரம் ஏது?"

மற்ற ஷிப்டுக்காரர்கள் தங்களோடும் ஒருமுறை இறங்கச் சொல்கிறார்கள். கூண்டில் இருந்த காத்தவராயன் மாரியம்மன் கோவில் பூசாரியின் மகன், அவனும் வந்து, "எனக்கும் சேத்துதானே சாமி குடுத்தீங்க?" என்கிறான். ஆபத்தே இல்லாத இடத்தில் கொடுத்த பாவப்பொறுத்தல் செல்லுமா? செல்லும் என்றால் என் பாவசங்கீர்த்தனத் தொட்டி காலி. செல்லாது என்றால் என் மானம் காலி. மேற்றிராணியார் வந்து கேட்டால் எந்த முகத்தோடு நிற்பேன்? எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருக்கிறது.

உமது பூசையில் இந்தக் கோழையை நினைத்துக்கொள்ளும். தேவமாதா உம்மையும் உமது முழங்காலையும் காப்பாளாக.

சவரிராயன்

பின்குறிப்பு: இதை ஒட்டப்போகும்போது மரியகுழந்தை வந்தார். நான் மாற்றல் கேட்பது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. வாசற்படியில் பேசியது, பாவசங்கீர்த்தனமல்ல, ஆகவே எழுதலாம். "போயிடாதீங்க சாமி. முன்னே இருந்த சாமிங்கல்லாம் பயப்படாதேன்னுதான் சொன்னாங்க. நாங்க தெனமும் பயந்துக்கினுதான் எறங்குறோம். பொண்டாட்டிகிட்டகூட சொன்னதில்ல. நீங்க அன்னைக்கு அலறினப்புறம் உங்ககிட்ட சொல்லலாம்னு தோணுச்சு. அதான் எல்லாரையும் கூட்டிக்கினு வந்தேன்" என்றார். எட்டிப் பார்த்தேன், கோவிலைச் சுற்றி வரிசை நிற்கிறது. மேலே எழுதியதையெல்லாம் அடுப்பில் போடும். திங்கட்கிழமை முதல் ஷிப்டோடு இறங்குகிறேன், பயந்துகொண்டேதான்.