கிடாரத்தில் ஆறு கடந்த கதை

வவுனியா
12-12-1960

அன்புள்ள மருமகன் யோகநாதனுக்கு,

மாமன் வீரகத்தி எழுதிக்கொள்வது. தாயும் பிள்ளையும் பிள்ளையார் கிருபையால் நலம். கொழும்பில் உம்மையும் அவரே பார்த்துக்கொள்வாராக. சனிக்கிழமை நான் அடித்த தந்தி கிடைத்திருக்கும். "பெண்பிள்ளை. சுகம். கிடாரத்தில் வந்தோம்" என்பதை வாசித்து நீர் என்ன நினைத்தீரோ தெரியாது, தபால் கந்தோரில் இருந்தவரே கிடாரம் எந்தப் பக்கத்து ஊர் என்று கேட்டார். ஆகவே விபரமாக எழுதுகிறேன்.

பிரசவத்துக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறதென்று நம்பி, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பச் சொன்ன உமது சொல்லையும் கேளாமல், மகள் விமலேஸ்வரியைக் கனகராயன்குளத்தில் என்னோடு வைத்திருந்தது என் பிழை. சனிக்கிழமை விடிந்ததும் அவளுக்குப் பிரசவ நோக் கண்டது. மருத்துவிச்சி வயிற்றைத் தடவிப் பார்த்து, "பிள்ளை குறுக்கை கிடக்கு. என்னால ஏலாது, ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டார். மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனால், நாலு நாள் மழையில் மரப்பாலத்தைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிறது. அக்கரையில் றோட்டு, றோட்டில் பஸ். இக்கரையில் வண்டிக்குள் என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். பக்கத்து வளவுச் சிற்றம்பலம், தண்ணீர் வடியும்வரை பொறுக்கலாம் என்றார். நான் அரசாங்க அதிபருக்கு ஒரு மனு எழுதலாமென்று காகிதம் தேடினேன். உமது மாமி எல்லாத் தெய்வங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவரும் அல்பேர்ட்டும் பாலமில்லாமல் அங்கே அகப்பட்டு நின்றார். "என்ர வள்ளம் இஞ்ச இருந்தால் அஞ்சு நிமிசத்தில கொண்டுபோய் விடுவன்" என்று அவர் கவலைப்பட, விமலேஸ்வரி வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"அல்பேர்ட் அண்ணை, வள்ளமெண்டால் என்ன? தண்ணி உள்ளுக்கு வராத பெரிய சட்டிதானே?"

"ஓம் தங்கச்சி, அப்பிடியும் சொல்லலாம்."

"சிற்றம்பலம் மாமா வீட்டில நெல்லவிக்கிற கிடாரம் ரெண்டு கிடக்கு."

"உயிர் போற நேரத்தில விளையாடாத பிள்ளை" என்று நான் அதட்டினேன். அல்பேர்ட் அதட்டவில்லை. கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார், பிறகு சிற்றம்பலத்தைப் பார்த்து, "எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார்.

கிடாரங்கள் அடுப்புக்கரியோடு அப்படியே வந்தன. இரண்டையும் உலக்கைகளால் இணைத்துக் கட்டிய அல்பேர்ட், "ஒண்டில தங்கச்சி இருந்தால் மற்றதில சரிக்குச் சரி பாரம் வேணும், இல்லாட்டிப் பிரளும்" என்றார். ஒரு மூட்டை நெல்லை வைக்கலாமென்றார் சிற்றம்பலம். "நெல்லு நனைஞ்சால் முளைச்சுப்போகும். ஐயா நனைஞ்சால் காயப்போடலாம்" என்றாள் உமது மனைவி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நீந்தத் தெரியாதென்பதை அவர்கள் யாரும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அல்பேர்ட் கிடாரத்தில் கட்டிய கயிற்றின் மறுநுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்திப்போய், அதை அக்கரை மருதமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். பஸ்ஸுக்கு நின்ற சனம் வந்து இழுத்தது. நடு ஆற்றில் கிடாரங்கள் இரண்டு முறை முழுதாகச் சுழன்றன. ஒவ்வொரு சுழலுக்கும், "ஐயா, இப்ப எங்கட வயல் தெரியுது, ஐயா, இப்ப றோட்டுத் தெரியுது" என்று அவள் எனக்கு ஊர் காட்டிக்கொண்டு வந்தாள். இந்தப் பிள்ளைக்குப் பயமே இல்லையா என்று நினைத்தேன். கரையில் தூக்கும்போதுதான் கண்டேன்: கிடார விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்த அவளுடைய விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இங்கே வவுனியா ஆசுப்பத்திரியில் டாக்குத்தர் பார்த்துவிட்டு, பிள்ளை நேராகத்தான் கிடக்கிறதென்றார். கிடாரம் சுழன்ற சுழற்சியில் திரும்பியிருக்குமோ என்று கேட்டேன். "நீங்கள் முதல்ல போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வாங்கோ" என்றார். கழுவிக்கொண்டு வருவதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள்.

மருமகன், கலியாணத்தன்று உம்மைத் தனியே அழைத்து, இவளுக்கு விளையாட்டுப் புத்தி, கண்டித்து வையும் என்று சொன்னேன் அல்லவா? அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். தயவுசெய்து கண்டிக்க வேண்டாம். அந்தப் புத்தி இல்லாதிருந்தால் நான் இன்றைக்கு உமக்கு வேறு விதமான கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். அல்பேர்ட்டுக்கு எப்படி நன்றி சொல்வதென்றும் தெரியவில்லை. அவர் கரையில் விட்டுவந்த கருவாட்டைச் சிற்றம்பலத்தின் நாய்கள் தின்றுவிட்டன. அதற்கு ஒரு சொல் சொல்லவில்லை. "பிள்ளைக்குப் பேர் வைக்கேக்க எனக்கும் சொல்லியனுப்புங்கோ, அது காணும்" என்றுவிட்டு இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு போனார்.

மாமி மறுநாள் அதே கிடாரத்தில், எதிர்ப்பாரமாகச் சிற்றம்பலத்தை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நீர் லீவு எடுத்துக்கொண்டு வந்து மகளின் முகம் பாரும். உமக்கும் உம்மைச் சேர்ந்தோருக்கும் எங்கள் மனம் நிறைந்த ஆசீர்வாதம்.

இங்ஙனம்,
க. வீரகத்தி

பி.கு.: இதை விமலேஸ்வரி கட்டிலில் இருந்தபடி வாசித்துவிட்டு, உமது தாயாருக்கு நெஞ்சு வருத்தம் இருப்பதால் அவர் கண்ணில் படவே கூடாது என்கிறாள். ஆகையால் நாங்கள் பஸ்ஸில் சுகமாக வந்தோமென்று இன்னொரு கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் அதையே காட்டவும். மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை. அந்தக் கடிதத்தின் அடியில் அவள் தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "வழி முழுக்க ஐயாதான் அழுதவர்." அந்தக் கடிதத்தில் உண்மையான வரி அது ஒன்றுதான்.